எண்ணெய் எது என்பதைவிட முடி எங்கே உடைகிறது என்பதே கேள்வி

லண்டனில் வசிக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். கணவர் கானா நாட்டவர். மகளுக்கு ஆறு வயது, அடர்த்தியான சுருள்முடி. இரண்டு வருடமாக அது கழுத்தைத் தாண்டவே இல்லை. தஞ்சாவூரிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் ‘தினம் எண்ணெய் வை, நல்லா அழுத்தி வாரு, லீவுக்கு வரும்போது ஒரு மொட்டை போட்டுட்டா தானா வளரும்’ என்கிறார். நாத்தனார் விளக்கெண்ணெயும் பின்னலும் போதும் என்கிறார், ஆனால் அவர் பின்னிவிட்ட அன்று இரவு பிள்ளை அழுகிறாள். இணையத்தில் ரோஸ்மேரி எண்ணெய், அரிசி கழுவிய தண்ணீர், பயோட்டின் என்ற பி வைட்டமின் சேர்த்த மிட்டாய் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். இதில் எதைத் தேய்த்தால் வளரும்? இதுதான் நீங்கள் எழுதிய கேள்வி. கடைசி வரியில் ‘நான்தான் ஏதோ தப்பு செய்கிறேனோ’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக நீங்கள் உண்மையில் கேட்பது, இந்தப் பிள்ளைக்கு முடி வளரும் தன்மையே இல்லையா, இருந்தால் வளர்ந்ததெல்லாம் எங்கே போகிறது என்பதுதான். அதற்கே பதில் சொல்கிறேன். எண்ணெய்க்கு நடுவில் வருகிறேன்.

நான் தோல் மருத்துவர். தமிழ்நாட்டில் படித்தேன், தெற்கு லண்டனில் வேலை பார்க்கிறேன். என்னிடம் முடிப் பிரச்சினையோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளிப் பெண்களும் குழந்தைகளும். ஊரில் நாங்கள் படித்த பாடங்களில் இந்த முடியைப் பற்றி அநேகமாக ஒன்றுமே கிடையாது. மயிர்க்காலையும் நோயையும் படித்துத் தெரிந்துகொண்டேன். சிக்கெடுப்பது, பின்னுவது, இரவில் எப்படிக் கட்டுவது ஆகியவற்றை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நோயாளிகளும் அவர்களுடைய அத்தைகளும்தான். உங்கள் மகளின் தலையை நான் பார்க்கவில்லை. அதனால் கீழே வருவது பொதுவான விளக்கம், நோய் நிர்ணயம் அல்ல.

முதலில் ஒரு சின்னச் சோதனை. அடுத்த முறை சிக்கெடுக்கும்போது சீப்பிலும் கையிலும் வருகிற முடியைக் குப்பையில் போடாமல் ஒரு வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஜன்னலோரம் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறியதாக வெள்ளை முடிச்சு மாதிரி ஒன்று இருந்தால் அது வேரிலிருந்து தானாக உதிர்ந்த முடி. அது இயல்பு, எல்லோருக்கும் தினமும் உதிரும். அந்த வெள்ளை முனை இல்லாமல் அரை அங்குலம், ஓர் அங்குலம் நீளத்தில் துண்டு துண்டாகக் கிடந்தால் அது நடுவில் உடைந்த முடி. நீங்கள் சொல்கிற மாதிரி அடர்த்தி குறையாமல் நீளம் மட்டும் நின்றுவிட்ட பிள்ளைகளில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் தாளில் கிடக்கும். அதாவது முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. உச்சியில் வளர்கிற அளவுக்கு நுனியில் உடைகிறது.

எவ்வளவு வளரும் என்பதற்குக் கணக்கு உண்டு. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர்களின் தலைமுடியை அளந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 0.26 மில்லிமீட்டர் வளர்ந்தது. ஐரோப்பிய வம்சாவளியினருக்கு இது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். வருடக் கணக்கில் முன்னது 9 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், பின்னது 14 சென்டிமீட்டர். ஆய்வு சிறியது, பெரியவர்களிடம் செய்தது. உங்கள் மகளைப் போல இரண்டு வம்சமும் கலந்த பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அப்பா பக்கம் சாயலாம், அம்மா பக்கம் சாயலாம், ஒரே தலையில் பிடரியில் ஒரு விதமும் உச்சியில் இன்னொரு விதமும் இருக்கலாம். மெதுவான கணக்கையே எடுத்தாலும் இரண்டு வருடத்தில் 18 சென்டிமீட்டர் வந்திருக்க வேண்டும். இன்னொன்று, இந்த முடி காயும்போது சுருண்டு உள்ளே வாங்கிக்கொள்ளும். பார்வைக்குக் கழுத்தளவு இருப்பது இழுத்துப் பிடித்தால் தோளுக்குக் கீழே வரும். பாதிக்குமேல் சுருங்குவது சர்வசாதாரணம். அதனால் கண்ணாடியை நம்பாதீர்கள். பிடரியில் ஒரு கற்றையை நீவி இழுத்து முதுகில் எங்கே தொடுகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். நான்கு மாதம் கழித்து அதே கற்றையை மறுபடி அளங்கள்.

ஏன் உடைகிறது? நம்முடைய நேர்முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். இந்த முடி தட்டையான நீள்வட்டம். மயிர்க்காலே தோலுக்கு அடியில் வளைந்து இருப்பதால் முடி வெளியே வரும்போதே சுருண்டு வருகிறது. உள்ளே இருக்கும் புரதம் அதே கெரட்டின்தான். ‘சத்தில்லாத முடி’ என்பது தவறு. ஆனால் ஒவ்வொரு வளைவும் திருப்பமும் சுமை விழும் இடம். சீப்பு அதன்வழியாக இறங்கும்போது அங்கேதான் கீறல் விழும். பக்கத்து முடியோடு பின்னிக்கொண்டு முடிச்சும் விழும். தென்னாப்பிரிக்க முடி மருத்துவ நிபுணர் நொன்லான்லா குமாலோவும் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த முடியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ரசாயனம் எதுவும் படாத முடியிலேயே முடிச்சுகளும் உடைந்த நுனிகளும் நிறைய இருந்தன. நுனிதான் முடியின் வயதான பகுதி. மூன்று வருடம் முன்பு வெளியே வந்தது, அத்தனை வருடத்துச் சீப்பையும் தலையணையையும் தொப்பியையும் தாங்கியது. அதைக் காப்பாற்றினால் நீளம் தானாக வரும்.

இந்த இடத்தில்தான் அம்மாவின் யோசனை இடறுகிறது. அவர் சொல்வது நம் முடிக்குப் பொருந்துகிற விஷயம். நேர்முடியில் தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை சீப்போடு சேர்ந்து நுனிவரை இறங்கும். சுருள்முடியில் அந்தப் பசை வேரோடு நின்றுவிடும், டெல்டாவில் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத மாதிரி. தலைத்தோல் பிசுபிசுவென்று இருக்கும்போதே நுனி காய்ந்து சொரசொரப்பாக இருக்கும். அதைத் தினமும் காய்ந்த நிலையில் அழுத்தி வாரினால் தினமும் கொஞ்சம் உடைப்பீர்கள். எண்ணெயைத் தோலில் வைத்தால் ஏற்கெனவே பசை உள்ள இடத்தில் இன்னும் கொஞ்சம் சேரும், காய்ந்த இடத்துக்கு ஒன்றும் போகாது. நீங்கள் தப்பு செய்யவில்லை. ஒரு முடிக்கான பழக்கத்தை வேறொரு முடிக்குச் செய்திருக்கிறீர்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது? வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். கறுப்பினக் குடும்பங்களில் தலை கழுவும் நாள் என்பது சின்ன வேலையல்ல, அரைநாள் போகும். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கமும் இந்த முடியை வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ கழுவினால் போதும் என்றே சொல்கிறது. தினமும் ஷாம்பூ வேண்டாம். மாதக்கணக்கில் கழுவாமல் விடவும் வேண்டாம். முதலில் தலையை நான்காகவோ ஆறாகவோ வகிடெடுத்துப் பிரித்து, ஒவ்வொன்றையும் தளர்வாக முறுக்கிக் கிளிப் போடுங்கள். ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, கை நிறையக் கண்டிஷனர் தடவுங்கள். முதல் சிக்கை விரலால்தான் எடுக்க வேண்டும். விரல் முடிச்சை உணரும், சீப்புக்கு அது தெரியாது. பிறகு அகலப் பல் சீப்பை எடுத்து நுனியிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் வாருங்கள். அது தங்குதடையில்லாமல் இறங்கினால் ஓர் அங்குலம் மேலே போங்கள். அப்படியே படிப்படியாக வேர்வரை. இடது கையால் கற்றையை வேருக்கும் சீப்புக்கும் நடுவே இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு உங்கள் கையில் நிற்கும், பிள்ளையின் தலைத்தோலுக்குப் போகாது. அழுகையில் பாதி இதிலேயே நின்றுவிடும். ‘கிடுகிடு’ என்று மேலிருந்து கீழே சீப்பு இறங்குகிற சத்தமும், நடுவே ‘டக்’ என்ற சத்தமும் கேட்டால் அது முடி உடைகிற சத்தம். நிறுத்தி, இன்னும் கொஞ்சம் தண்ணீரும் கண்டிஷனரும் சேருங்கள்.

ஷாம்பூ தலைத்தோலுக்குத்தான். விரல் நுனியால் வகிட்டு வழியே தேய்த்தால் போதும், நுரை வழிந்து முடியைத் தானே சுத்தம் செய்யும். முடியையெல்லாம் உச்சியில் குவித்துத் துணி துவைக்கிற மாதிரி கசக்கினால் எடுத்த சிக்கு முழுவதும் திரும்ப வந்துவிடும். கழுவிய பிறகு துண்டால் தேய்க்காமல், பழைய பருத்திப் பனியனால் ஒற்றுங்கள். ஈரம் இருக்கும்போதே கழுவாமல் விடுகிற வகைக் கண்டிஷனரை, இங்கே லீவ்-இன் என்று விற்பார்கள், நுனியிலிருந்து தடவுங்கள். அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெயோ ஷியா வெண்ணெயோ. ஷியா மேற்கு ஆப்பிரிக்க மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது, கானாவிலிருந்து நிறைய ஏற்றுமதியாகிறது. உங்கள் நாத்தனார் வீட்டில் கடையில் விற்பதைவிட நல்லதாகவே இருக்கும். வரிசை முக்கியம். எண்ணெய் ஈரம் தராது, இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் பிடிக்கும். காய்ந்த முடியில் எண்ணெய் பூசினால் காய்ந்த முடி பளபளக்கும், அவ்வளவுதான். எல்லாம் முடிந்ததும் நான்கைந்து தளர்ந்த பின்னலோ, இரண்டு இழையாக முறுக்கிவிடுகிற முறையோ போட்டுவிட்டால் அடுத்த வாரம்வரை சீப்பைத் தொட வேண்டியதில்லை. நடுவில் ஒரு நாள் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கண்டிஷனர் தடவினால் போதும். இரவில் சாட்டின் தொப்பி, பிள்ளை கழற்றி எறிந்தால் சாட்டின் தலையணை உறை. இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் ஆதாரமாக இல்லை. ஆனால் பருத்தி ஈரத்தை உறிஞ்சும், உரசும் என்பது தெளிவு. செலவும் குறைவு, கெடுதலும் இல்லை. பள்ளியில் நீச்சல் வகுப்பு இருந்தால் குளத்தில் இறங்கும் முன்பே நல்ல தண்ணீரில் முடியை நனைத்துக் கண்டிஷனர் தடவித் தொப்பி போடுங்கள், ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும்.

இப்போது எண்ணெய். தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் உருப்படியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 2003-இல் மும்பையில் செய்தது. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு என்பதால் முடிக்குள் இறங்குகிறது. கழுவும் முன் தடவினால் முடியிலிருந்து புரதம் கழன்று போவது குறைகிறது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவினர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருந்தாலும் வேதியியல் ஒத்துப்போகிறது, நான் நம்புகிறேன். அது சொல்வது முடி குறைவாகச் சேதமாகும் என்பதுதான். மயிர்க்கால் வேகமாக வேலை செய்யும் என்று அது சொல்லவில்லை. ஆகவே கழுவுவதற்கு முந்தின இரவு நுனிப்பாதியில் தடவுங்கள், அம்மாவிடமும் எண்ணெய் வைக்கிறேன் என்று உண்மையாகவே சொல்லலாம். தலைத்தோலில் கெட்டியாகப் பூசுவதை மட்டும் குறையுங்கள். பொடுகுக்குக் காரணமான மலசேசியா என்கிற பூஞ்சைக்கு அந்தக் கொழுப்புதான் சாப்பாடு. தோல் செதில் செதிலாக உரியும்போது ‘வறட்சி’ என்று நினைத்து இன்னும் எண்ணெய் வைத்து, அது இன்னும் உரிந்து, கடைசியில் என்னிடம் வருகிற அம்மாக்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

விளக்கெண்ணெய் பற்றி நாத்தனாரிடம் சண்டை போட வேண்டாம். ஜமைக்காவில் ஆமணக்கு விதையை வறுத்து, சாம்பலோடு கறுப்பாக எடுக்கும் எண்ணெய்க்கு அந்த மக்களிடம் நீண்ட மரபு உண்டு. கெட்டியாக ஒட்டுவதால் நுனியில் ஒரு பூச்சாக இருந்து உடைவதைக் கொஞ்சம் தடுக்கலாம். ஆனால் அது முடியை முளைக்க வைக்கும் என்பதற்கு ஒழுங்கான மருத்துவ ஆய்வு இல்லை. அளவும் முக்கியம். நம் நாட்டிலேயே விளக்கெண்ணெய் கலந்து தேய்த்துத் தலைகுளித்த ஒரு இளம்பெண்ணின் நீண்ட முடி முழுவதும் பறவைக்கூடு மாதிரி ஒரே கட்டியாக இறுகி, வெட்டி எடுக்க வேண்டிவந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அபூர்வம்தான். ஆனாலும் கைநிறைய ஊற்றாதீர்கள்.

பின்னல் விஷயம் இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாக. பின்னல் கெட்டதல்ல. முடியைக் கோத்து வைத்து உரசலிலிருந்து காப்பாற்ற அதைவிட நல்ல வழி கிடையாது. சாட் நாட்டில் பஸாரா பெண்கள் செபே என்ற பொடியைக் கொழுப்போடு குழைத்து, தலைத்தோலில் படாமல் முடியின் நீளத்தில் மட்டும் பூசிப் பின்னி, திரும்பத் திரும்ப அதன்மேலேயே பூசுகிறார்கள். இடுப்புவரை முடி வைத்திருக்கிறார்கள். பொடியில் மந்திரம் இருப்பதாக இணையத்தில் விற்கிறார்கள். என் கணிப்பில் வேலை செய்வது பொடியைவிட, முடியை நனைத்து, பூசி, பின்னி, தொடாமல் விட்டுவைக்கும் பழக்கம்தான். ஆக, பின்னுங்கள். ஆனால் இறுக்கம் வேறு விஷயம். தொடர்ந்து இழுபட்டால் மயிர்க்கால் வீங்கும், பிறகு சுருங்கும், வருடக்கணக்கில் போனால் தழும்பாகி மூடிவிடும். இது கறுப்பின முடிக்கே உரிய நோயும் அல்ல. இதை மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தது கிரீன்லாந்துப் பெண்களிடம், முடியை உச்சியில் இறுக்கிக் கட்டும் வழக்கத்தால் வந்ததாக. நெற்றியோரம் முடியை இழுத்துக் கட்டும் சீக்கிய ஆண்களிடமும் பார்க்கிறோம். குமாலோவின் குழு கேப் டவுன் பள்ளிகளில் பார்த்தபோது சிறுமிகளில் 17 சதவீதம் பேருக்கு இழுவையால் முடி கொட்டியிருந்தது. பள்ளியில் சேர்ந்த வருடம் சுமார் 9 சதவீதம், உயர்நிலைப் பள்ளி கடைசி வருடம் சுமார் 22 சதவீதம். வயதோடு சேர்ந்துகொண்டே போகிறது என்பதைக் கவனியுங்கள்.

அதனால் அன்றிரவு அவள் அழுவதைச் ‘சிறுபிள்ளை, பழகிவிடும்’ என்று விடாதீர்கள். பின்னிய பிறகு வலி, தலை சாய்க்க முடியாமை, புருவம் மேலே இழுத்த மாதிரி இருப்பது, வகிட்டோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், பின்னலின் அடியில் தோல் கூடாரம் மாதிரி தூக்கி நிற்பது, இதில் எது இருந்தாலும் அன்றே அவிழ்த்துவிட வேண்டும். நெற்றியோரமும் காதுக்கு மேலும் முதலில் பாதிக்கும். அங்கே முடி மெலிந்து, நெற்றி விளிம்பில் மட்டும் பூனைமுடி போல ஒரு வரிசை நின்றால் இழுவைதான் காரணம் என்று கிட்டத்தட்ட முடிவுகட்டலாம். ஆறு வயதில் இது முழுவதும் சரியாகக்கூடியது, இறுக்கத்தை நிறுத்தினாலே போதும். முப்பது வயதில் அப்படிச் சொல்ல முடியாது. நாத்தனாரிடம் கேட்கும் விதமும் ஒன்று இருக்கிறது. ‘அக்கா, நீங்க பின்னுறதுதான் அவளுக்கு அழகு, முன்பக்கம் மட்டும் தளர்வா ஆரம்பிக்கலாமா, டாக்டர் சொன்னாங்க’ என்று என் தலையில் பழியைப் போட்டுவிடுங்கள். செயற்கைச் சவுரி சேர்த்துப் பின்னுவதை இந்த வயதில் தவிர்க்கலாம், எடையே இழுவைதான். மெல்லிய நூறு பின்னலைவிடத் தடிமனான பத்துப் பின்னல் நல்லது. ஒரே பின்னலை ஆறேழு வாரத்துக்குமேல் வைக்க வேண்டாம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வகிடு எடுக்கவும் வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவில் கற்றையை கறுப்பு நூலால் வரிசையாகச் சுற்றிக் கட்டும் பழைய முறை ஒன்று உண்டு. சூடு இல்லாமலே முடியை நீட்டித் தரும். நாத்தனாருக்கோ அவர் அம்மாவுக்கோ நிச்சயம் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ரோஸ்மேரி எண்ணெய்க்கு வருகிறேன். 2015-இல் ஈரானில் நூறு ஆண்களிடம் ஒரு சோதனை நடந்தது. வழுக்கை விழும் ஆண்கள் ஆறு மாதம் இதைத் தேய்த்ததும் 2 சதவீத மினாக்ஸிடில் என்ற வழுக்கை மருந்தைத் தேய்த்ததும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தது. மருந்தே இல்லாத வெறும் திரவம் தேய்த்த மூன்றாவது குழு அதில் இல்லை. ஆகவே எண்ணெயால் வந்த பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அது ஆண்களின் வழுக்கை, இது ஒரு சிறுமியின் உடையும் முடி. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நீர்க்காத ரோஸ்மேரி எண்ணெய் குழந்தையின் தோலை எரிக்கவும் செய்யும். அரிசி கழுவிய தண்ணீர் முடிமேல் ஒரு மாவுப் பூச்சு விடும். சிலருக்கு வழவழப்பாகும், சிலருக்கு விறைத்து இன்னும் உடையும். பயோட்டின் குறைபாடு மிக அபூர்வம், அது இல்லாதவருக்குக் கூடுதலாகத் தந்து பயன் இல்லை. அதோடு ரத்தப் பரிசோதனைகளில் தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகளைக் குழப்பும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்திருக்கிறது. பிள்ளை நன்றாகச் சாப்பிடாமல் சோர்வாக இருந்தால் இரும்புச்சத்தைப் பார்ப்பது நியாயம். அதை முடிக்காக இல்லாமல் பிள்ளைக்காகப் பாருங்கள்.

இந்த ‘முடி வளர்க்கும் மருந்து’ ஆசை புதிதல்ல. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 1867-இல் பிறந்த கறுப்பினப் பெண்மணி மேடம் சி. ஜே. வாக்கர், தலைத்தோல் நோயால் தனக்கே முடி கொட்டியதில் தொடங்கி, முடி வளர்க்கும் களிம்பு விற்றுப் பெரும் செல்வந்தரானார். அதில் முக்கியமாக இருந்தவை பெட்ரோலாட்டமும் (வாசலின் மாதிரியான பசை) கந்தகமும்தான். கந்தகம் பொடுகைக் குறைக்கும். கூடவே அடிக்கடி தலையைக் கழுவச் சொன்னார். அந்தக் காலத்தில் பலர் வீட்டில் குழாய்த் தண்ணீரே கிடையாது. நோய் நீங்கிய தோலில் முடி தன்பாட்டில் வளர்ந்தது. எனக்குப் பிடித்த கதை இது, ஏனென்றால் என் மருத்துவமனையில் இன்றும் பாதி நாள் நடப்பது இதுவேதான்.

நோய் என்றதும் உங்கள் மகளின் வயதில் நான் முதலில் தேடுவதைச் சொல்லிவிடுகிறேன். தலைப்படை. பூஞ்சைத் தொற்று. பள்ளி வயதுக் கறுப்பினக் குழந்தைகளிடம் லண்டனில் அடிக்கடி பார்க்கிறோம். வட்டமாக முடி கொட்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பல நேரம் லேசான செதில், அரிப்பு, ஆங்காங்கே தோலோடு ஒடிந்து கறுப்புப் புள்ளியாக நிற்கும் முடிகள், கழுத்தின் பின்புறம் நெறிகட்டுதல் இவ்வளவுதான் இருக்கும். எண்ணெய் பூசிய தலையில் செதில் கண்ணுக்கே தெரியாது. அதனால் மருத்துவரிடம் போகும் அன்று எண்ணெய் வைக்காமல், பின்னலை அவிழ்த்துக் கூட்டிப்போங்கள். சந்தேகம் வந்தால் தோலைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்புவோம். இதற்கு வெளிப்பூச்சு மட்டும் போதாது, பூஞ்சை மயிர்க்காலுக்குள் இருக்கும். வாய்வழி மருந்து சில வாரங்கள் தேவை. சிகிச்சை தொடங்கினால் பள்ளியிலிருந்து நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. சீப்பு, தொப்பி, தலையணை உறை தனித்தனியாக இருக்கட்டும். வீட்டில் மற்றக் குழந்தைகளையும் காட்டுங்கள். இதை விட்டுவிட்டால் சில பிள்ளைகளுக்குச் சீழ்க்கட்டியாகி நிரந்தரத் தழும்பு விழும். எனவே இணையத்தில் எழுதிக் கேட்கும் முன் இதை ஒருமுறை பார்த்து ஒதுக்கிவிடுவது நல்லது.

பெரியவர்களிடம் வேறொன்று உண்டு. அதை நாத்தனாருக்காகச் சொல்கிறேன். உச்சியில் தொடங்கி வட்டமாக வெளியே பரவி, தழும்பாகும் முடி இழப்பு. நடுவயதுக் கறுப்பினப் பெண்களிடம்தான் பெரும்பாலும். சூடான சீப்பால்தான் வருகிறது என்று 1960-களில் நினைத்தார்கள். 2019-இல் பாதிக்கப்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பேடிஐ3 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. சிகையலங்காரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. விவாதமில்லாதது, சீக்கிரம் வந்தால் ஸ்டீராய்டு, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் போன்றவற்றால் நிறுத்தலாம், தழும்பான இடத்தில் திரும்ப வளர்க்க முடியாது என்பது. உச்சியில் எரிச்சலோ அரிப்போ வழவழப்போ தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னும் நான்கைந்து வருடத்தில் யாராவது ‘நேராக்கிவிட்டால் உனக்கே சுலபம்’ என்பார்கள். முடியை நேராக்கும் கிரீம்கள் கடுங்காரம். சோடியம் ஹைட்ராக்ஸைடோ அதற்கு ஈடான காரமோதான் உள்ளே இருக்கும், ‘காரமில்லாதது’ என்று அட்டையில் எழுதியிருந்தாலும் சரி. முடியின் கந்தகப் பிணைப்பை நிரந்தரமாக உடைத்துத்தான் அது நேராகிறது. உடைவதையும் கூட்டும், தோலைச் சுடவும் செய்யும். இது உறுதி. புற்றுநோய் விஷயம் அந்த அளவுக்கு உறுதி இல்லை. 2022-இல் அமெரிக்காவில் 33,000-க்கு மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், வருடத்துக்கு நான்கு முறைக்குமேல் முடி நேராக்கும் பொருள் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 70 வயதுக்குள் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். அது கவனித்துக் கணக்கெடுத்த ஆய்வு, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஒரு குழந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளியில் இயற்கையான சுருள்முடிக்கோ பின்னலுக்கோ தடை சொன்னால், பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2022 அக்டோபரில் பள்ளிகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டுங்கள். இனத்தோடு தொடர்புடைய சிகையலங்காரத்தைக் காரணமில்லாமல் தடைசெய்வது சட்டவிரோதமாக இருக்கக்கூடும் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

மொட்டை. குலதெய்வத்துக்கு வேண்டுதல் என்றால் அது உங்கள் குடும்ப விஷயம், நான் குறுக்கே வரவில்லை. முடி வளரும் என்பதற்காக என்றால் வேண்டாம். சவரக்கத்தி தோலுக்கு மேலே உள்ளதைத்தான் எடுக்கிறது. மயிர்க்கால் எத்தனை, எந்த வடிவம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அடியில் முடிவாகிற விஷயம், கத்திக்கு அது தெரியாது. மொட்டைக்குப் பிறகு அடர்த்தியாகத் தெரிவது வெட்டிய நுனி மொண்ணையாக இருப்பதாலும், கைக்குழந்தைகளுக்கு அந்த வயதில் எப்படியும் முடி தடிப்பதாலும்தான். கணவருக்கு இது விசித்திரமாகப் படாது. கானாவில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும், அவருடைய அக்கா தங்கைகள் அப்படித்தான் படித்திருப்பார்கள். திருமலையில் நாம் காணிக்கையாகக் கொடுக்கும் முடி ஏலம் போய், உலகச் சந்தையில் சவுரியாகவும் டோப்பாவாகவும் மாறுகிறது. அதை வாங்குகிறவர்களில் கறுப்பினப் பெண்கள் கணிசம். உங்கள் வீட்டில் இந்த இரண்டு முனையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன என்பது எனக்கு ஒரு வேடிக்கை.

நுனி வெட்டலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வெட்டினால் வேகமாக வளராது. ஆனால் பிளந்த நுனியை விட்டுவைத்தால் அது பக்கத்து முடியைக் கவ்வி முடிச்சு போடும், பிளவு மேலே ஏறும். சிக்கெடுக்கும்போது எப்போதும் கடைசி அங்குலத்திலேயே சீப்பு நின்றால் வெட்ட நேரம் வந்துவிட்டது. முறுக்கி வைத்த கற்றையில் மெலிந்து வால் மாதிரி நீளும் பகுதியை மட்டும், முடி வெட்டுவதற்கென்றே உள்ள கூரான கத்தரியால் எடுங்கள். சமையலறைக் கத்தரி முடியை நசுக்கும், புதிதாக ஒரு பிளவைத் தொடங்கிவைக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.